வரிசையை மாற்றாதே

முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள் என்றது திரை.
நேற்று மாலை வரை ஒன்றுகூட இல்லை.
நேற்று மாலைதான் புனேயிலிருந்து
பம்பு கம்பெனிக்காரர்கள் புது நூலகம் அனுப்பினார்கள்,
ஜிப் கோப்பாக, வாழ்த்துகளுடன்.

பீன்யாவில் மழை.
இரண்டாம் ஸ்டேஜ் லேத் பட்டறைகள்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
உள்ளே இரும்பைக் கடைந்துகொண்டிருந்தன.
மேலே போ, இன்னும் மேலே போ என்றாள் சிவலீலா.
முதல் பிழையைப் பார்,
மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள்.

முதல் பிழை சொன்னது:
பம்பு நிலை என்றொரு வகையை நான் அறியேன்.

அறியேனாம்.
கோப்பைத் திறந்தால் பதினெட்டாவது வரியில்
குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

சேர்க்கை வரிகள் இரண்டை இடம் மாற்றினேன்.
பம்பு பிழைத்தது, வால்வு செத்தது.
திருப்பி வைத்தேன்.
வால்வு பிழைத்தது.
தப்புக்கும் உயிர் தப்பியதற்கும்
ஒரே சொல்லை வைத்தவன்
என்றோ ஒரு பில்டை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு:
'இந்த வரிசையை மாற்றாதே. காரணம் தெரியாது. லிங்கேஷ்.'
லிங்கேஷை நான் பார்த்ததில்லை.
அவன் விட்டுப்போன காபிக் கோப்பையில்
பேனாக்கள் போட்டுவைக்கிறோம்.

சிவலீலா ஏழரை பஸ்ஸுக்கு ஓடினாள்.
எல்லாவற்றையும் விரித்துக் கொட்டு என்றேன் கம்பைலரிடம்.
கொட்டியது. நாற்பத்தோராயிரம் வரிகள்.
பம்பின் கோப்பு திறக்கிறது,
உடனே மூடுகிறது.
பதினெட்டாம் வரி இருந்த இடத்தில்
ஈரம்கூட இல்லை.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன்.
ஒவ்வொரு தலைப்புக் கோப்பின் முதல் வரியிலும்
ஒரு காவலாள். அவனுக்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
இந்தப் பெயரில் யாராவது முன்பே உள்ளே போனார்களா?
போயிருந்தால் நீ போகாதே.
கூச்சல் கிடையாது, எச்சரிக்கை கிடையாது.
வால்வின் கோப்பு வாசலில் ஸ்டேட்டஸ்_ஹெச்.
பம்பின் கோப்பு வாசலிலும்
ஸ்டேட்டஸ்_ஹெச்.
பழைய பம்பு நூலகத்தில் அந்த வகையே இல்லாததால்
வால்வை முன்னால் விட்டால் போதும், ஓடிவிடும்.
ஆறு வருடம் ஓடியது,
காரணம் தெரியாமலே.

சென்ற மார்ச்சில் என்னையும்
கீழே நிறுத்தினார் ருத்ரப்பா.
'அமலா ஆகலே ஒளகே ஹோதரல்லா'
என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
கணக்குப் பிரிவு அமலா, திருச்சூர்க்காரி,
ஒன்பதுக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள்.
என் முழுப்பெயர் அமலோற்பவம்.
இந்த ஊரில் யாரும் அதை
நடுவில் மூச்சு வாங்காமல் முடித்ததில்லை.
ருத்ரப்பா காதைச் சொறிந்தார்.
பிறகு என் அமலாவுக்கு முன்னால் ஓர் எஸ் போட்டார்.
எஸ் என்றால் சூசை. அப்பா.
எந்த ஃபாரத்தை நீட்டினாலும்
சர்நேம் எங்கே என்கிற நகரத்தில்
அந்த ஓர் எழுத்து அன்றைக்குத்தான்
ஒரு வேலை செய்தது.

பம்பு_ஸ்டேட்டஸ்_ஹெச்.
இரண்டு இடத்தில் தட்டினேன், அவ்வளவுதான்.
பிழை பூஜ்யம்.
வரிசையை மாற்றி ஓட்டினேன். பூஜ்யம்.
நம்பாமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
மறுபடி. பூஜ்யம்.
அடுத்த ஜிப் வரும்போது
அவர்கள் மறுபடி வெறும் ஸ்டேட்டஸாக வருவார்கள்.
புனேக்கு மெயில் எழுதினேன்,
'குறித்துக்கொண்டோம்' என்று
தானாகவே ஒரு பதில் வந்தது.

லிங்கேஷின் குறிப்பை அழிக்கப் போனேன்.
அழிக்கவில்லை.
அடியில் எழுதினேன்: 'மாற்றலாம். எஸ். அமலோற்பவம்.'

கீழே இரவுக்குப் புதுப் பையன்.
வெளியேறும் பக்கத்தில்
விரலை மேலிருந்து கீழாக ஓட்டினான்.
அமலா மேடம் ஆறு மணிக்கே
போய்விட்டார்கள் என்றான்.